வல்லிபுரம் முதலாளி ஞாபகார்த்தப் புகைப்போர் மண்டபம்

குறிகட்டுவான் இறங்குதுறையில் புகைபிடிப்பது தடைசெய்யப்பட்டதற்குக் காரணம் ஒரு சேலை.

மண்ணெண்ணெய்ப் பீப்பாக்களை லோஞ்சுப் படகின் முன் அணியத்தில் அடுக்கி, அவற்றின் மேலேயே குந்தியிருந்து சுருட்டு இழுத்தபடி நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போய்வந்த ஆண்பிள்ளைகளைப் பார்த்து அதுவரை எவருக்கும் நெஞ்சு பதறியதில்லை. எரிந்தால் எல்லோரும்தான் எரிவார்கள். எல்லோருக்கும் பொதுவான ஆபத்தைப் பற்றி யார் கவலைப்படுவது? ஆனால் எண்பத்து மூன்றாம் ஆண்டு மார்கழியில் ஒருநாள், யாரோ ஒருவனுடைய சுருட்டிலிருந்து பறந்த பொறி கமலாதேவியின் பட்டுச் சேலைத் தலைப்பில் விழுந்து மிளகளவில் ஒரு ஓட்டை போட்டது. கமலாதேவி, பரம்பரை ஊர்த்தலைமைக் குடும்பமான உடையார் வளவு ஏரம்புவின் மனைவி. ஏரம்பு, இறங்குதுறைப் பயணிகள் நலன்புரிச் சங்கத்தின் தலைவர். வந்த ஞாயிற்றுக்கிழமையே சங்கம் கூடிவிட்டது.

கூட்டம் நடந்தது துறையின் காத்திருப்பு மண்டபத்தில். அதன் வாசலில் ஏரம்புவின் தகப்பனார் பெயர் பொறித்த கல் இருந்தது. ஏரம்பு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, புகைபிடிப்பதன் தீமைகளைப் பற்றிப் பேசினார். அவருடைய தோட்டங்களில் வருஷா வருஷம் விளைவது புகையிலை. அதை அவர் விவசாயம் என்பார். சிகரெட்டைப் புகையாக அவர் கணக்கெடுப்பதில்லை. அது உத்தியோகத்தர்களோடு பழகுவதற்கான ஒரு பொருள். புகை என்று அவர் சொன்னது சுருட்டையும் பீடியையும், அவற்றை இழுக்கிற ஆட்களையும்.

பின் வரிசையில் இருந்த கனகசபைக்கு இந்த மனிதரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. கனகசபைக்கு ஏறக்குறைய எல்லோரையும் பார்க்க அருவருப்புத்தான். சுருட்டுப் பற்றுகிறவர்களைக் கண்டால் கூடுதலாக. அவர்களுடைய பல்லைப் பார்த்தாலே மூக்கைச் சுருக்குவார். முப்பது வருஷமாக அவர் வாயில் புகையிலை பட்டதில்லை.

அதற்குக் காரணம் அவருடைய தகப்பன். வல்லிபுரம் என்ற அந்த மனிதர் இந்தப் புங்குடுதீவிலிருந்து தென்பகுதிக்குப் போய், இன்னொருவருடைய கடைப் பின்கட்டில் பாயில் சம்மணம் கட்டியிருந்து சுருட்டுச் சுற்றியவர். சுற்றிச் சுற்றியே சொந்தக் கடை வைத்தவர். மகன் அதைப் புடைவைக்கடையாக மாற்றினார். மலையாள வேட்டியும் ஜப்பான் சேலையும் விற்றார். ஊரில் மாடி வீடு எழுப்பினார். என்ன செய்து என்ன? ஊரில் அந்த மாடி வீட்டைச் "சுருட்டு வளவு" என்றும், அவரைச் "சுருட்டுக் கனகர்" என்றுமே சொன்னார்கள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் புடைவைக்கடையை எரித்தவர்கள்கூடச் சுருட்டுக்கடையை எரித்ததாகத்தான் ஊரில் பேச்சு வந்தது. அகதிக் கப்பலில் வந்திறங்கிய கையோடு கனகசபை ஒரே ஒரு காரியத்தில் இறங்கினார். துறையில் ஒரு கல். ஏரம்புவின் தகப்பனார் கல்லுக்குப் பக்கத்தில், "வல்லிபுரம் முதலாளி" என்று பொறித்த ஒரு கல். சுருட்டு என்ற சொல் அந்தப் பெயரிலிருந்து உரிந்து விழ வேண்டும். ஆவணியிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மண்டபம் ஏரம்பு குடும்பத்தாருடையது, தண்ணீர்த்தொட்டி இன்னொரு குடும்பத்தாருடையது, படிக்கட்டும் போயிற்று என்று சங்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

"தடையெண்டு எழுதிப்போட்டு நீங்கள் வீட்டை போயிடுவியள்," என்றார் லோஞ்சுக்காரர் பஸ்ரியாம்பிள்ளை. "கடலுக்கை நிண்டு மல்லுக்கட்டுறது நானெல்லோ. பத்தக்கூடாது எண்டால் பீப்பாவுக்குப் பின்னாலை ஒளிச்சு நிண்டு பத்துவாங்கள். கரையிலை ஒரு இடத்தைக் காட்டிவிடுங்கோ. அங்கை நிண்டு ஊதி முடிச்சுப்போட்டு ஏறட்டும்."

"ஒரு கொட்டில் போடலாம். ஆர் போடுறது?" என்றார் ஏரம்பு.

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். ஏரம்பு மட்டும் பின் வரிசையைப் பார்த்தார்.

"கனகசபை, நீர் கல்லு வைக்க இடம் தேடித் திரியிறீர். கொப்பற்றை பேருக்கு இதைவிடப் பொருத்தமாய் ஒண்டு வாய்க்குமே காணும்?"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. கனகசபைக்கு விளங்கியது. விளங்காமல் இருக்க அவர் முட்டாள் இல்லை. விளங்கியும் ஒத்துக்கொள்கிற அளவுக்குத்தான் முட்டாள். சிரித்தவர்களெல்லாம் செத்துப்போவார்கள், கல் நிற்கும், வாசிக்கிறவனுக்குச் சிரிப்பின் காரணம் தெரியாது என்று அவர் கணக்குப் போட்டார்.

"கட்டுறன். கொட்டில் இல்லை, மண்டபம். கல்லாலை, ஓடு போட்டு."

"புகை போக ஓட்டை விடும்," என்றது ஒரு குரல்.

வீட்டில் அவருடைய மனைவி சத்தியபாமா முழுவதையும் கேட்டுவிட்டு, அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்தாள்.

"மாமாவைச் சுருட்டிலையிருந்து எடுக்கப்போறன் எண்டு சொன்னியள். இப்ப அந்த மனுசனைக் கொண்டுபோய்ச் சுருட்டுக் கொட்டிலுக்கை வைக்கப்போறியள்."

"மண்டபம்."

"ஓம், மண்டபம். உங்களைப் பேய்க்காட்டுறது ஏரம்பருக்குச் சிகரெட் பத்துறதைவிட லேசு."

அவள் பேசத் தொடங்கினால் இலேசில் நிறுத்தமாட்டாள், ஆகவே அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மாசி மாதம் அத்திவாரம் போட்டார்கள். இடத்தைத் தெரிந்தெடுத்தவர் கனகசபையே. நயினாதீவிலிருந்து வருகிற லோஞ்சில் இருந்து பார்த்தால் முதலில் தெரிகிற இடம், காத்திருப்பு மண்டபத்துக்குத் தென்மேற்கே, கடலை ஒட்டினாற்போல. அப்போது காற்று வடகிழக்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. புகையெல்லாம் கடலுக்குப் போகும் என்று அவர் கையை நீட்டிக் காட்டினார். ஆறு மாதத்துக்கொருமுறை காற்றுத் திரும்பும் என்பது தீவில் பிறந்த எவருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். கல் எங்கே தெரியும் என்பதில் இருந்த கவலையில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. மற்றவர்களுக்கு ஞாபகம் வந்தது. அவர்கள் வாயைத் திறக்கவில்லை. காசில்லாமல் கிடைக்கிற வேடிக்கையைக் கெடுப்பவர்கள் அல்லர் அந்தத் துறையின் ஆட்கள்.

பிறகு படம். வல்லிபுரத்தின் படம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் அவர் பெரிய மீசையோடு, வாயின் ஒரு கடையில் சுருட்டோடு, புகைக்கு ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தார். கனகசபை அதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய், கோயில் வாகனங்களுக்கு வர்ணம் பூசுகிற ஓவியன் ஒருவனிடம் கொடுத்து, பெரிதாக வரையச் சொன்னார். சுருட்டை எடுத்துவிட வேண்டும் என்பது கண்டிப்பான கட்டளை. ஓவியன் சுருட்டை எடுத்தான். ஆனால் சுருட்டைக் கவ்வியிருந்த வாயை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அது ஒரு பக்கம் கோணி, பல் தெரிய, உறுமுவதுபோல் நின்றது. இடுக்கியிருந்த கண்ணைத் திறந்துவிடப் பார்த்தான். பூதவாகனத்தின் கண் வந்தது. மரியாதைக்காக நெற்றி நிறையத் திருநீறும், உள்ளங்கையளவு சந்தனப் பொட்டும், கழுத்தில் உருத்திராக்கமும் சேர்த்துக் கொடுத்தான்.

"ஐயோ," என்றாள் சத்தியபாமா.

கனகசபைக்கோ பரம திருப்தி. முகத்தில் சுருட்டின் அடையாளமே இல்லை.

சித்திரை வருஷப் பிறப்போடு தடை நடைமுறைக்கு வந்தது. மண்டபமும் திறந்தபடி கிடந்தது. முறைப்படி திறப்புவிழா ஆனி மாதம், நயினாதீவு அம்மன் தேர்த் திருவிழா அன்று, மாவட்ட நிர்வாகக் கச்சேரியிலிருந்து வரும் பெரிய உத்தியோகத்தர் ஒருவரின் கையால் என்று கனகசபை ஒழுங்கு செய்திருந்தார். அதுவரைக்கும் பெயர்க்கல்லைச் சிவப்புப் பட்டால் மூடிவைத்தார். கல்லுக்கு மேலே படம். படத்துக்குக் கீழே கண்ணாடிக்கூட்டுக்குள் அணையா விளக்கு. தகப்பனின் படம் இருக்கிற இடத்தில் கண்டவனும் செருப்போடு நிற்பதா என்று நினைத்து, வாசலில் ஒரு பலகையும் எழுதி மாட்டினார்: "பாதணிகளைக் கழற்றவும்."

துறையில் மூட்டை இறக்குகிற இன்னாசித்தம்பிதான் அந்த மண்டபத்தின் முதல் வாடிக்கைக்காரன். கடற்காற்றில் நெருப்புக்குச்சி நிற்பதில்லை. அவன் கண்ணாடிக்கூட்டைத் திறந்து, சற்றே குனிந்து, சுருட்டை விளக்கில் பிடித்துப் பற்றவைத்தான். அது வசதியாக இருந்தது. மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள், படத்தின் முன் போனார்கள், குனிந்தார்கள், விளக்கில் பற்றவைத்தார்கள், ஒரு பக்கமாய் ஒதுங்கி நின்று ஊதினார்கள். தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்று எவரும் யோசிக்கவில்லை. யோசித்தவர்கள் வாய்க்குள் சிரித்தார்கள்.

ஆனி பிறந்தது. சோழகம் என்ற தென்மேற்குக் காற்று எழுந்தது. கொடியேற்றத்தோடு பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து துறையில் இறங்கியது. சோழகம் புகைப்போர் மண்டபத்தின் புகை முழுவதையும் அள்ளிக் கொண்டுபோய், ஏரம்புவின் தகப்பனார் பெயரில் இருந்த காத்திருப்பு மண்டபத்துக்குள் கொட்டியது. புகைக்கக்கூடாத இடத்தில் மூச்சு விட ஏலாது. பெண்டுகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து, காற்று வருகிற பக்கமாய்ப் போனார்கள். காற்று வருகிற பக்கத்தில் இருந்தது புகைப்போர் மண்டபம். அதன் கடற்பக்க ஓரத்தில் புகையே இல்லை. இப்படியாகத்தான் சங்கானைப் பக்கத்திலிருந்து வந்த யோகம்மா என்ற மனுஷி, வாழ்நாளில் கடல் தாண்டியிராதவள், வல்லிபுரம் முதலாளியின் படத்துக்கு நேரே வந்து குந்தினாள்.

கடல் அன்று உறுமிக்கொண்டிருந்தது. லோஞ்சு வரப் பிந்தியது. அவள் படத்தைப் பார்த்தாள். கோணிய வாய், உருட்டிய விழி, உருத்திராக்கம். கீழே விளக்கு. அதற்கும் கீழே பட்டுத் துணியால் மூடிய ஏதோ ஒன்று. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வந்து குனிகிற ஆண்கள்.

"தம்பி, இது எந்தச் சாமி?" என்று இன்னாசித்தம்பியைக் கேட்டாள்.

இன்னாசித்தம்பி ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவன். ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடுவது அவனுக்குப் பழக்கமில்லை.

"தெரியாதே அக்கா? முனியெல்லோ. கடல் முனி. உவர் குளிர்ந்தால்தான் கடல் குளிரும்."

"என்ன படைக்கிறது?"

"பாக்கிறியளெல்லோ," என்று வாயிலிருந்ததைக் காட்டினான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மடியிலிருந்து புதுச் சுருட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தான். "காசு வேண்டாம். முனியற்றை சுருட்டுக்குக் காசு வாங்கக்கூடாது."

அவள் அதை விளக்கில் காட்டி, பட்டுத்துணிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். பொழுது சாய்ந்தால் சோழகம் கொஞ்சம் ஓய்வது அந்தக் கரையில் கைக்குழந்தைக்கும் தெரியும். சங்கானைக்குத் தெரியாது. கடல் படுத்தது, லோஞ்சு வந்தது. யோகம்மா கூட வந்தவர்களுக்குச் சொன்னாள். கூட வந்தவர்கள் திரும்பிப் போய் ஊருக்குச் சொன்னார்கள். திருவிழா பாதி தாண்டுமுன் படத்தின் ஆணியில் மஞ்சள் துணிகள் தொங்கின. கல்லின் விளிம்பில் சுருட்டுகள் வரிசையாகப் புகைந்தன. துறையில் இருந்த இரண்டு கடைகளும் "முனிச் சுருட்டு" என்று தனியாக அடுக்கி விற்றன. உண்மை தெரிந்த ஊரவர்களில் ஒருவராவது வாய் திறந்தார்களா? முதல் நாள் சிரித்தார்கள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று அவர்களும் ஒன்றைக் கொளுத்தி வைத்தார்கள்.

கனகசபை இதொன்றையும் அறியார். அவர் யாழ்ப்பாணத்தில் அழைப்பிதழ் அச்சடிப்பிப்பதிலும், உத்தியோகத்தருக்குக் கார் பிடிப்பதிலும் ஓடித் திரிந்தார். வழியில் கண்ட பஸ்ரியாம்பிள்ளை, "முதலாளி, உங்கடை மண்டபத்திலைதான் இப்ப சனம். ஏரம்பற்றை மண்டபத்திலை காகம் படுக்குது," என்றார். கனகசபை பூரித்துப்போனார். ஏன் என்று கேட்கவில்லை. தன்னைப் புகழ்கிற செய்திக்குக் காரணம் கேட்கிற வழக்கம் அவரிடம் இருந்ததில்லை.

தேர் அன்று காலையில், சரிகை வேட்டியும் சால்வையுமாக, சட்டைப் பையில் எழுதிவைத்த பேச்சோடு அவர் துறைக்கு வந்து இறங்கினார். பேச்சில் "கொடைவள்ளல்" என்று ஓரிடத்திலும் "வணிகச் செம்மல்" என்று ஈரிடங்களிலும் வந்தன. சுருட்டு ஓரிடத்திலும் வரவில்லை.

மண்டபத்தைக் கண்டு நின்றுவிட்டார். சனம் வாசல்வரை நெரிந்தது. தூணில் ஒரு சேவல் கட்டியிருந்தது. புகை அவர் தகப்பனின் மீசையைத் தழுவி மேலே போய்க்கொண்டிருந்தது. தேருக்கென்று இரண்டாம் முறையாக வந்திருந்த யோகம்மா, ஒரு குழந்தையின் தலையைப் பிடித்துப் படத்துக்குக் குனிவித்தாள்.

"எடுங்கோ உதுகளை!" என்று கத்தினார் கனகசபை. "விசரே உங்களுக்கு? இது கோயில் இல்லை. இது புகைக்கிற இடம்!"

"ஓம் ஐயா, அதுதானே கொண்டுவந்தனாங்கள்," என்றாள் யோகம்மா, ஒரு கட்டுச் சுருட்டைக் காட்டி.

"இவர் சாமி இல்லை! என்ரை அப்பர்!"

சனம் அடங்கியது. யோகம்மா படத்தைப் பார்த்தாள். கனகசபையைப் பார்த்தாள். கோபத்தில் அவர் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் வெளியே நின்றது. ஓவியன் தற்செயலாகச் செய்த பிழையெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் அச்சொட்டாகப் பொருந்தியது.

"அம்மாளாச்சி! முனியற்றை பிள்ளையோ நீங்கள்!" என்று அவள் அவருடைய காலில் விழுந்தாள். பின்னால் நின்றவர்களுக்கு ஏன் என்று தெரியாது. அவர்களும் விழுந்தார்கள்.

காலை இழுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அவர் தள்ளாடியபோது, ஏரம்பு உத்தியோகத்தரை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கூடவே கமலாதேவி, புதுப் பட்டுச் சேலையில். உத்தியோகத்தர் தடித்த, பயந்த மனிதர். அன்று கடல் கடந்து தேருக்குப் போக வேண்டியிருந்தது. காலையிலிருந்தே அலைகளைப் பார்த்து எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தார். சனம் விழுந்து கிடப்பதைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றினார்.

"இதென்ன, ஏரம்பு?"

ஏரம்புவுக்கு உண்மையைச் சொல்ல ஒரு வசனம் போதும். அவர் கனகசபையின் முகத்தைப் பார்த்தார். இப்படியொரு நாள் இனி வராது என்று நினைத்திருக்க வேண்டும்.

"இஞ்சத்தைய காவல் தெய்வம் மாதிரி, சேர். கடல் பயணத்துக்கு நல்லது. இவர் கனகசபை. அவற்றை மகன்."

உத்தியோகத்தர் படத்துக்குக் கைகூப்பினார். பிறகு பட்டுத்துணியை இழுத்தார். "அமரர் வல்லிபுரம் முதலாளி ஞாபகார்த்தப் புகைப்போர் மண்டபம்" என்று கல் சொன்னது. யோகம்மாவுக்கு யாரோ வாசித்துக் காட்டினார்கள்.

"வல்லிபுரமோ? அது சாமிப் பேர்தானே," என்றாள் அவள். அதோடு கல்லின் கதை முடிந்தது.

உத்தியோகத்தர் மட்டும் சற்றுக் குழம்பினார். "மிஸ்டர் கனகசபை, உங்கடை தகப்பனார் என்ன செய்துகொண்டிருந்தவர்?"

மண்டபத்தில் ஊரவர்கள் இருந்தார்கள். லோஞ்சுக்காரர் இருந்தார். இன்னாசித்தம்பி இருந்தான். ஒவ்வொருவருடைய வாயிலும் அந்த ஒரு சொல் தயாராக நிற்பதைக் கனகசபை கண்டார். கடை வைத்திருந்தவர் என்றால், என்ன கடை என்று அடுத்த கேள்வி வரும். என்ன கடை என்பதற்கு ஒரே பதில். பையிலிருந்த பேச்சு இதற்கு உதவாது. ஒரு பக்கம் சுருட்டுச் சுற்றி. மறுபக்கம் முனி. நடுவில் வணிகச் செம்மல் நிற்க ஒரு சாண் இடமில்லை. கனகசபை வியாபாரி. விலைபோகிற சரக்கு எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பர்..." என்று தொண்டையைச் செருமினார். "அப்பர் சின்ன வயதிலேயே எல்லாத்தையும் விட்டிட்டுத் தெற்காலை போனவர். தவம்மாதிரித்தான் சேர், அந்தச் சீவியம்."

"ஓம் சேர்," என்றார் ஏரம்பு, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "கடைசிவரைக்கும் சம்மணம் கட்டின சம்மணத்திலைதான் இருந்தவர்."

பஸ்ரியாம்பிள்ளை திரும்பிக் கடலைப் பார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கின.

உத்தியோகத்தர் ஒரு சுருட்டை வாங்கிக் கனகசபையிடம் நீட்டினார். "நீங்களே ஏத்தி வையுங்கோ. உங்கடை கையாலை வைக்கிறதுதான் முறை."

திறந்திருந்த கண்ணாடிக்கூட்டுக்குள் காற்றுப் புகுந்து விளக்கு அணைந்திருந்தது. இன்னாசித்தம்பி நெருப்புப்பெட்டியை நீட்டினான். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கனகசபை சுருட்டை இரண்டு விரல்களுக்கிடையில் உருட்டினார். உருட்டியதைக் காதருகே கொண்டுபோய் இலையின் காய்ந்த சலசலப்பைக் கேட்டார். அடியை முன்பல்லால் கடித்துத் துப்பினார். மேலிலை பிரியாமல் நாக்கால் ஒருமுறை தடவினார். காற்றுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கைகளையும் குவித்து, ஒரே குச்சியில் கொளுத்தி, இரண்டு இழுவையில் நுனி முழுவதும் சமமாகச் சிவக்க வைத்தார். முப்பது வருஷம் தொடாத சாமான். கைக்கு ஒன்றும் மறக்கவில்லை.

"பழகின கையெல்லோ," என்றார் ஏரம்பு.

ஊரவர்கள் வாயைப் பொத்தினார்கள். வெளியூர்ச் சனம் அரோகரா போட்டது.

அன்றைக்கு லோஞ்சுகளில் நடந்ததைச் சங்கத்தின் தீர்மானம் எதிர்பார்த்திருக்கவில்லை. முனி முன்னால் கொளுத்திய சுருட்டு பிரசாதமாகிவிட்டது. பிரசாதத்தைப் பாதியில் எறியக்கூடாது. ஆகவே ஆண்கள் எரிகிற சுருட்டோடே லோஞ்சில் ஏறினார்கள்.

"தடையெல்லே? அணையுங்கோ!" என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

"தடை சுருட்டுக்கு, அண்ணை. இது முனியற்றை," என்றான் ஒருவன், மண்ணெண்ணெய்ப் பீப்பாவின் மேல் வசதியாக உட்கார்ந்தபடி.

கனகசபை அந்த லோஞ்சில்தான் நடு வாங்குப் பலகையில் இருந்தார். இருமிக்கொண்டிருந்தார். எதிரே கமலாதேவி. பாதிக் கடலில் ஒரு பொறி பறந்து வந்து அவளுடைய புதுச் சேலையில் விழுந்து, இந்த முறை கடலையளவில் ஓட்டை போட்டது. ஏரம்பு முகம் கறுத்து எழுந்தார். கமலாதேவி அவரைக் கையால் அமர்த்தினாள். அலை லோஞ்சைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. அவள் ஓட்டையைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தாள். பிறகு கனகசபை பக்கம் தலையைக் குனித்தாள்.

"முனியற்றை பிள்ளையெல்லோ, கொஞ்சம் பூசிவிடுங்கோ."

உடையார் வளவுப் பெண் ஒருத்தி தன் முன்னால் தலை குனிவதைக் காண்பதற்குத்தான் அவர் மாடி வீடு கட்டினார். கல் கேட்டுத் திரிந்தார். மண்டபம் எழுப்பினார். பக்கத்தில் இருந்தவனின் சுருட்டு நுனியிலிருந்து சாம்பலைத் தட்டி எடுத்து, கனகசபை அவளுடைய நெற்றியில் பூசினார். ஏரம்பு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தோள்கள் குலுங்கவில்லை.

மாலையில் கனகசபை வீட்டுக்கு வந்தபோது நடை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. படலையைத் திறந்தவுடன் வழியில் போன ஒரு பிள்ளை மற்றப் பிள்ளைக்கு, "உவர்தான் சுருட்டு முனியற்றை மகன்," என்று சொல்வது கேட்டது. அவர் கேளாதவர்போல உள்ளே வந்தார். நடந்ததையெல்லாம் கமலாதேவியின் நெற்றியிலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டும் என்று நேரே குசினிப் பக்கம் போனார்.

சத்தியபாமா அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உள்ளுக்கை வராதையுங்கோ," என்றாள். "கிணத்தடியிலை சவர்க்காரம் இருக்கு. சுருட்டு மணக்குது."